சென்னை மின்சார ரயிலும் புறநகர்த் திருட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு, சென்ட்ரல்–அரக்கோணம், சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி, வேளச்சேரி பறக்கும் ரயில் என எந்தத் தடத்தில் போய்வந்தாலும் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் இது உதவும். வண்டிக்குள் நடக்கும் திருட்டு ஒரு வகை, பிளாட்பாரத்தில் நடப்பது இன்னொன்று, இறங்கி வீட்டுக்கு நடக்கும் தெருவில் நடப்பது வேறொன்று. புகார் கொடுக்கும் காவல் நிலையமும் அதற்கேற்ப மாறும். இது தெரியாமல் அலைவதில்தான் பலருக்கு முதல் நாள் வீணாகிறது.

வண்டியில் போன் பறிப்பது எந்த நேரத்தில் நடக்கிறது?

வண்டி நின்று, மறுபடி நகரும் அந்த ஐந்தாறு நொடியில். கதவருகே சாதாரணப் பயணி மாதிரி நிற்பவன், வண்டி நகர ஆரம்பித்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்துவிடுவான். அந்த வேகத்தில் இறங்கிப் பழகியவன் அவன். நீங்கள் என்ன நடந்தது என்று உணர்வதற்குள் வண்டி வேகம் எடுத்திருக்கும். இதையே வெளியிலிருந்தும் செய்வார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தபடி வீடியோ பார்ப்பவரின் கையைப் பிளாட்பாரத்தில் நிற்பவன் குறிவைப்பான்.

மூன்றாவது வகை படிக்கட்டில் தொங்குபவர்களுக்கு. சந்திப்புகளுக்கு முன் சிக்னலுக்காக வண்டி ஊர்ந்து போகும் இடங்களில், தண்டவாளத்தோரம் நிற்பவன் கம்பால் கையில் அடிப்பான். போன் கீழே விழும், அவனுக்கு வேண்டியது அதுதான். ஆனால் அடிபட்டவர் கைப்பிடியை விட்டுவிட்டால் போவது உயிர். போனைவிட இதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

செய்யவேண்டியது எளிது. வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது போனைப் பைக்குள் வையுங்கள், பிளாட்பாரம் முடிந்தபின் எடுங்கள். கதவிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி நில்லுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் போன் ஜன்னல் பக்கக் கையில் இருக்கவேண்டாம். பறித்தவனைத் துரத்தி ஓடும் வண்டியிலிருந்து மட்டும் குதிக்காதீர்கள்.

போன் போய்விட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் எதை முதலில் செய்வது?

சிம்மை முடக்குவதுதான் முதல் வேலை. பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி உங்கள் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிடுங்கள். ‘முதலில் போன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம், சிம்மை முடக்கினால் நெட் போய்விடுமே’ என்று பலர் தயங்குகிறார்கள். பறித்தவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் வங்கி ஓ.டி.பி. அவனுக்குத்தான் போகும். வரைபடத்தில் புள்ளி தெரிந்தாலும் அந்த இடத்துக்குத் தனியாகப் போய் நிற்க முடியாது. ஆகவே சிம்தான் முதலில்.

அடுத்து வங்கி. யு.பி.ஐ., மொபைல் பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930, அது சைபர் பண மோசடிக்கான உதவி எண். உங்கள் தவறு இல்லாமல் வெளியாள் எடுத்த பணம் என்றால், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதி. சொன்னதற்கு அடையாளமாகப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக 139. ரயில்வேயின் உதவி எண் அது. முன்பு பாதுகாப்புக்கெனத் தனியாக இருந்த 182, 2021-ல் இதோடு இணைந்துவிட்டது. வண்டி எண், எந்த ஸ்டேஷன் தாண்டி நடந்தது, எத்தனை மணி, பறித்தவன் எந்தப் பக்கம் இறங்கினான் என்பதைச் சொல்லுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவைத் தேடுபவருக்கு ‘சாயங்காலம் தாம்பரம் வண்டி’ என்பது போதாது, ‘6.42-க்கு கிண்டியில் நின்ற வண்டி, முன்பக்கத்திலிருந்து மூன்றாவது பெட்டி’ என்றால் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். அந்தப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துபோகும். நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள், போலீஸ் எழுதிக் கேட்கவேண்டும். புகார் தாமதமானால் பதிவும் போய்விடுகிறது.

டிக்கெட்டோ சீசனோ போனில் இருந்திருந்தால் அடுத்த ஸ்டேஷனில் பேப்பர் டிக்கெட் எடுத்துவிடுங்கள். பரிசோதகரிடம் மாட்டினால் குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்டணமும் தனியாகப் போகும்.

ஆர்.பி.எஃப்.பா, ரயில்வே போலீஸா, நம்ம ஏரியா போலீஸா?

ஆர்.பி.எஃப்., அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை, மத்திய அரசின் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவது. திருடனைப் பிடிக்கும், பயணிக்கு உதவும், ரயில்வே சட்டத்தின்படி வழக்குப் போடும். திருட்டு, வழிப்பறி, பாலியல் சீண்டல் போன்றவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். போடுவது ரயில்வே போலீஸ், அதாவது தமிழ்நாடு காவல்துறையின் இருப்புப்பாதைப் பிரிவு. எழும்பூர், மாம்பலம், தாம்பரம், செங்கல்பட்டு, சென்ட்ரல், பெரம்பூர், அரக்கோணம் போன்ற இடங்களில் இவர்களுக்குக் காவல் நிலையம் உண்டு. 1512 இவர்களின் உதவி எண்.

வண்டி, பிளாட்பாரம், தண்டவாளம் எல்லாம் ரயில்வே போலீஸ் எல்லை. ஸ்டேஷன் வாசலைத் தாண்டிச் சாலையில் கால் வைத்த பிறகு நடந்தால் உள்ளூர்க் காவல் நிலையம். 2022 ஜனவரியிலிருந்து தாம்பரம், ஆவடி என்று தனித்தனி ஆணையரகங்கள் வந்துவிட்டதால், சென்னை மாநகரக் காவல் எல்லைக்கு வெளியே இருக்கும் புறநகர்கள் பல அவற்றின் கீழ் இருக்கின்றன. குழப்பம் வருவது நடைமேம்பாலத்திலும் சுரங்கப்பாதையிலும்தான். ஒரு முனை ரயில்வேயுடையது, மறுமுனை சாலையில் இறங்கும்.

“இது எங்க லிமிட் இல்லை” என்று சொன்னால்?

எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்கக்கூடாது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. அங்கே ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும். ஓடும் வண்டியில் எந்த இடத்தில் பை போனது என்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பயணத்தின்போது நடந்த குற்றத்தை, அந்தப் பயணம் கடந்துபோன எந்த எல்லையிலும் விசாரிக்கலாம் என்று 203-வது பிரிவு சொல்கிறது.

ஆன்லைனில் அனுப்பிய தகவல் என்றால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். இதை மறந்து ‘ஆன்லைனில் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று காத்திருப்பவர்கள் உண்டு. அப்படியும் பதிய மறுத்தால், புகாரைப் பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கோ ஆணையரக எல்லையில் அந்த நிலையில் உள்ள துணை ஆணையருக்கோ அனுப்புங்கள். அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கிறார்கள். அது போதாதா?

போதாது. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீது. அதை வைத்து வழக்கு நடக்காது. காவல்துறை இணையதளத்தில் எடுக்கும் ‘காணாமல்போன ஆவண அறிக்கை’ வேறு விஷயம். தொலைத்துவிட்ட அடையாள அட்டைக்கு மாற்று வாங்க அது உதவும்.

பறிக்கப்பட்ட பொருளை ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதித்தரச் சொன்னால் எழுதாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் குற்றமே இல்லாமல் போய்விடுகிறது. ‘என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினான்’ என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 303 திருட்டு, 304 பறிப்பு, 305 பயணிகள் வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவது (7 ஆண்டு வரை தண்டனை), 309 வழிப்பறி. பறிக்கும்போது உங்களைத் தள்ளியோ அடித்தோ காயப்படுத்தியிருந்தால் அது வழிப்பறியாகிவிடும். காயமும் சேர்ந்தால் தண்டனை ஆயுள்வரைகூடப் போகலாம். காயம் சிறியதென்று விட்டுவிடாமல் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி, ஏ.ஆர். (காயத்தைக் குறிக்கும் மருத்துவமனை விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்கள். கையில் இருக்கும் நகக்கீறல்கூட வழக்கின் பிரிவை மாற்றும்.

எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். வாங்கியதும் பொருளின் விவரம், நேரம், பிரிவு மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள்.

போனை முடக்குவது எப்படி?

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சி.இ.ஐ.ஆர். என்ற பகுதி இருக்கிறது. போனின் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்), போலீஸ் புகார் நகல், உங்கள் அடையாள அட்டை, ஓ.டி.பி. வாங்க ஒரு மொபைல் எண் ஆகியவை வேண்டும். முடக்கியபின் வேறு சிம் போட்டாலும் அந்தக் கருவி இந்திய நெட்வொர்க்குகளில் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் அந்தத் தகவல் போலீஸுக்குப் போகும்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஐ.எம்.இ.ஐ. எண் தெரியாது, பெட்டியும் பில்லும் எங்கோ போயிருக்கும். இப்போதே *#06# அழுத்தி, வரும் 15 இலக்க எண்களைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும், இரண்டும் வேண்டும். அடுத்தது, புது டூப்ளிகேட் சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, அதனால் ஓ.டி.பி.யும் வராது. தளம் பழுது என்று நினைத்து விட்டுவிடாமல் மறுநாள் முயலுங்கள்.

போன் போன சில நாளில் ‘உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கைத் திறந்து பாஸ்வேர்டு போடுங்கள்’ என்று குறுஞ்செய்தி வரலாம். அனுப்புவது போனை வைத்திருப்பவன்தான். திறக்காதீர்கள்.

போலீஸ் மீட்டுவிட்டார்கள். எப்படிக் கைக்கு வரும்?

வழக்குச் சொத்தாக இருந்தால் கோர்ட் வழியாகத்தான் வரும். அந்தக் காவல் நிலையத்துக்குரிய நீதிமன்றத்தில் பொருளைத் திரும்பக் கேட்டு மனு போடவேண்டும். பில் வேண்டும், இல்லையென்றால் ஐ.எம்.இ.ஐ. ஒட்டிய பெட்டியாவது வேண்டும். கிடைத்ததும் சி.இ.ஐ.ஆர். தளத்தில் முடக்கத்தை நீக்கினால்தான் சிம் எடுக்கும்.

மகளிர் பெட்டியில் ஆண்கள் ஏறினால் என்ன செய்யலாம்?

ரயில்வே சட்டம் 162-வது பிரிவின்படி அது குற்றம். 500 ரூபாய் வரை அபராதம் போடலாம், இறக்கியும் விடலாம். 139-க்குச் சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் ஆர்.பி.எஃப். ஆள் வர வாய்ப்புண்டு.

இரவில் பெட்டி காலியாகிக்கொண்டே வரும்போது, மகளிர் பெட்டி என்பதற்காக மட்டும் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். யாருமில்லாத மகளிர் பெட்டியைவிட, பத்துப் பேர் இருக்கும் பொதுப் பெட்டி நல்லது. தாம்பரம் தாண்டி, ஆவடி தாண்டிப் போகும் கடைசி வண்டிகளில் இது முக்கியம். பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போதும் டிக்கெட் கவுன்ட்டரோ கடையோ இருக்கும் பக்கம் நில்லுங்கள். பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் மிகப் பெரிய கட்டடங்கள். அவற்றில் பல தளங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. படிக்கட்டில் தனியாக ஏறுவதைவிட, ஒரு வண்டி வந்து கூட்டம் இறங்கும்போது அதோடு இறங்குவது பாதுகாப்பு.

ஒருவன் பின்தொடர்கிறான் என்றால் அதுவே தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. தினமும் ஒரே வண்டியில் ஒருவன் தொந்தரவு கொடுத்தால் தேதி, நேரம், ஸ்டேஷன் என்று குறித்து வைத்து ரயில்வே போலீஸில் எழுதிக் கொடுங்கள். ‘பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே’ என்று தள்ளிப்போடாதீர்கள். 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த ஸ்டேஷனில் அன்று ஒரு கேமராகூட இல்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலையில் ஒரு கல்லூரி மாணவி வண்டி முன் தள்ளப்பட்டு இறந்தார். காலையும் பகலும்கூடப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. தொந்தரவு சிறியதாக இருக்கும்போதே அது காகிதத்தில் ஏறவேண்டும்.

‘காவல் உதவி’ செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர பட்டனை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். பெண்களுக்கான உதவி எண் 181, எல்லா அவசரத்துக்கும் 112.

அபாயச் சங்கிலியை இழுக்கலாமா?

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் இழுக்கலாம்; காரணமில்லாமல் இழுத்தால்தான் குற்றம். ஆனால் கடற்கரை–தாம்பரம் தடத்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடத்தில் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். நடுவில் இருட்டில் நிறுத்தினால் திருடன் தண்டவாளத்தில் இறங்கி ஓடுவான், உதவி வரத்தான் தாமதமாகும். ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதோ நகரத் தொடங்கும்போதோ இழுத்தால் பலன் அதிகம்.

பஸ்ஸில் எப்படித் திருடுகிறார்கள்?

கூட்டமாக. ஒருவர் ஏறும் படியில் வழியை மறிப்பார், இன்னொருவர் ‘அக்கா, உங்க காசு கீழே விழுந்திருக்கு’ என்பார், மூன்றாமவர் கை உங்கள் பைக்குள் இருக்கும். ஏறும் படியும் இறங்கும் படியும்தான் இடம். நகை அடகு வைக்கவோ மீட்கவோ போனால் கூட்ட நேர பஸ்ஸைத் தவிர்த்து ஆட்டோவில் போங்கள். முதுகுப் பையை முன்னால் மாட்டுங்கள்.

பஸ்ஸில் இருக்கும்போதே தெரிந்துவிட்டால் யாரையும் இறங்கவிடாமல் கதவை மூடச் சொல்லிக் கண்டக்டரிடம் கேளுங்கள், 100-க்குச் சொல்லுங்கள். மாநகரப் பேருந்துகள் பலவற்றில் நிர்பயா நிதியில் கேமராவும் அபாய பட்டனும் வைத்திருக்கிறார்கள். பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, சைகை காட்டுவது போன்றவற்றைச் செய்பவரை இறக்கிவிடவோ போலீஸில் ஒப்படைக்கவோ கண்டக்டருக்கு அதிகாரம் உண்டு. 2022-ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி இதைச் சேர்த்தார்கள்.

ஸ்டேஷனில் இறங்கி வீடு போகும்வரை?

செயின் பறிப்பின் களம் இந்தப் பத்து நிமிட நடைதான். பைக்கில் இருவர் பின்னாலிருந்து வருவார்கள். ஆகவே எதிரே வரும் வண்டி கண்ணில் படுமாறு சாலையின் வலப்பக்கம் நடங்கள், கைப்பை சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும். ‘இந்த அட்ரஸ் எங்கே இருக்கு’ என்று பைக்கை நிறுத்தாமல் கேட்பவரிடமிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்று பதில் சொல்லுங்கள். இழுத்துவிட்டால் செயினைப் பிடித்துத் தொங்காதீர்கள். பைக் வேகத்தில் கீழே விழுந்தால் தலையில் அடிபடும். வண்டி எண் போலியாக இருக்கலாம். ஹெல்மெட் நிறம், பின்னால் இருந்தவனின் சட்டை, எந்தத் திருப்பத்தில் போனான் என்பவை கேமராவில் தேட உதவும்.

ஸ்டேஷன் பார்க்கிங்கில் பைக் காணோம். ‘ஓனர் ரிஸ்க்’ என்று டோக்கனில் இருக்கிறது.

அந்த வரி இருப்பதால் மட்டும் ஒப்பந்ததாரர் தப்பிவிட முடியாது. ஹோட்டல் வாகன நிறுத்தம் பற்றிய வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தால் அப்படி அச்சடித்த வாசகம் காப்பாற்றாது என்றது. நுகர்வோர் ஆணையத்தில் அதைக் காட்டலாம். டோக்கனைப் பத்திரமாக வையுங்கள், நகலை மட்டும் கொடுங்கள். இன்ஷூரன்ஸுக்கு அன்றே தகவல் சொல்லவேண்டும். எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி., இரண்டு சாவியும், பின்னர் போலீஸ் தரும் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ சான்றும் கேட்பார்கள். இரண்டாவது சாவி இல்லாவிட்டால் சாவியை வண்டியிலேயே விட்டதாகச் சந்தேகித்து இழுத்தடிப்பார்கள்.

வண்டியில் பை திருடுபோனால் ரயில்வே பணம் தருமா?

கையில் கொண்டுபோகும் பைக்கு, ரயில்வே ஊழியரின் தவறை நிரூபித்தால் தவிர, கிடைக்காது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் பயணியிடமிருந்து திருடுபோன பணத்துக்கு ரயில்வே பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது.

உயிரிழப்பும் காயமும் வேறு. வழிப்பறியிலோ தாக்குதலிலோ, தவறி விழுந்தோ பாதிக்கப்பட்டால் ரயில்வே சட்டம் 124ஏ பிரிவின்படி நஷ்டஈடு உண்டு. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். விண்ணப்பிக்க வேண்டிய இடம் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம், ஓராண்டுக்குள். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் சீசன் டிக்கெட்டின் நகலை வீட்டில் வைப்பது குடும்பத்துக்குப் பெரிய உதவி.

மாணவர் கோஷ்டிகள் கத்தியோடு ஏறினால்?

‘ரூட் தல’ (அந்தத் தடத்துக்கு யார் தலைவன் என்ற மாணவர் போட்டி) சண்டை நடக்கும் பெட்டியில் சமாதானம் செய்யப் போகாதீர்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டி மாறி 139-க்குச் சொல்லுங்கள். கல் வீசுவது சாதாரண வம்பு அல்ல. ரயில்வே சட்டம் 152, 153 பிரிவுகளில் கடும் சிறைத்தண்டனை உண்டு. பிள்ளைகளுக்கு இதை வீட்டில் சொல்லிவையுங்கள். ஒரு வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட்டும் அரசு வேலையும் கேள்விக்குறியாகும்.

எங்கள் ஏரியாவில் புது ஸ்டேஷன், புது பஸ் நிலையம் வந்தால் திருட்டு கூடுமா?

‘ரயில் வந்தால் கண்டவனும் வருவான்’ என்ற பயம் உலகம் முழுக்க இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 1995-ல் திறந்த கிரீன் லைன் ரயிலுக்கும் புறநகர்வாசிகள் இதையே சொன்னார்கள். பின்னர் ஆய்வு செய்து பார்த்தபோது, நகரத்துக் குற்றத்தை அந்த ரயில் புறநகருக்குக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

கூட்டம் கூடும் இடத்தில் பிக்பாக்கெட்டும் வண்டித் திருட்டும் கூடும், உண்மைதான். அது வாசலைச் சுற்றிய சில நூறு அடியில் நடப்பது. அதற்குக் காரணம் இருட்டு, காலி மனை, மூடிக்கிடக்கும் கடை, காவலில்லாத பார்க்கிங். ஸ்டேஷனை எதிர்ப்பதால் இவை சரியாகா. ராத்திரி 10 மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு ரயில் இல்லையென்றால், ஷேர் ஆட்டோவுக்காக ஜி.எஸ்.டி. சாலையோரம் நிற்கவேண்டியிருக்கும். அது எந்த வகையிலும் பாதுகாப்பான மாற்று அல்ல.

நலச்சங்கமாக நாங்கள் என்ன செய்யலாம்?

ஒரு வார நாளில் இரவு 9 முதல் 10.30 வரை, ஸ்டேஷன் வாசலிலிருந்து உங்கள் தெருவரை நான்கைந்து பேர் நடந்து பாருங்கள், பெண்கள் இருவராவது கட்டாயம் வேண்டும். எரியாத விளக்கின் கம்பத்தில் எழுதியிருக்கும் எண், மரக்கிளை மறைத்த விளக்கு, தண்ணீர் நின்று ஆளில்லாமல் கிடக்கும் சுரங்கப்பாதை, சுவரில் தண்டவாளத்துக்குள் போக உடைத்த ஓட்டை என எல்லாவற்றையும் படத்தோடு குறியுங்கள். பிறகு பிரித்து அனுப்புங்கள். பிளாட்பாரமும் நடைமேம்பாலமும் சென்னைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு. தெருவிளக்கு மாநகராட்சிக்கு, சென்னைக்குள் என்றால் 1913. ரோந்து கேட்டு ஒரு கடிதம் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு. அதில் கடைசி மூன்று வண்டிகள் உங்கள் ஸ்டேஷனுக்கு வரும் நேரத்தை எழுதுங்கள். ‘இரவில் ரோந்து வேண்டும்’ என்ற மனு கோப்பில் தூங்கும். ‘10.05, 10.40, 11.15 வண்டிகள் வந்த பத்து நிமிடத்துக்கு இந்தத் திருப்பத்தில் ஆள் நிற்கவேண்டும்’ என்று கேட்டால் இன்ஸ்பெக்டர் ஒருவரை நிறுத்த முடியும். ஒரு மாதம் கழித்து அதே பட்டியலோடு அதே வழியில் மறுபடி நடந்து, எரியாத கம்பங்களின் எண்களை இரண்டாம் மனுவில் எழுதுங்கள்.